உடைந்த டிஸ்பிளேக்குப் பதிலாக எதைப் போடுவது?

யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியிலோ பஸ் நிலையத்தடியிலோ உள்ள கடையில் உடைந்த போனை நீட்டினால் முதலில் வரும் கேள்வி, "ஒறிஜினல் போடவோ, கொப்பி போடவோ?" இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். உங்கள் போன் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் இருந்தது எல்சிடியா, ஓஎல்இடியா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். எல்சிடி என்றால் பாதிக் கவலை தீர்ந்தது, தரமான கொப்பியே காணும். ஓஎல்இடி என்றால் மலிவான பொருளைப் போட்டு மிச்சம் பிடிக்கும் காசு, பிறகு பற்றரியிலும் வெயிலிலும் அடுத்த உடைவிலும் போய்விடும்.

எல்சிடியில் படம் காட்டும் படலத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை வெளிச்சம் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கறுப்புக் காட்டும்போதும் அது அணைவதில்லை, மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பென்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். சம்சுங் அமோலெட் என்று சொல்வதும் இந்த வகைதான். பின்வெளிச்ச அடுக்குகள் இல்லாததால் ஓஎல்இடி மெல்லியது, அதற்கு ஏற்ற ஆழத்தில்தான் போனின் பிரேமும் செய்யப்பட்டிருக்கும். கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் முக்கால்வாசிக்கு இந்தத் தடிப்பு வித்தியாசமும் பின்வெளிச்சமுமே காரணம்.

எந்த மொடலில் எது என்பதைப் பெயரை மட்டும் வைத்து ஊகிக்கக் கூடாது. கலக்ஸி ஏ20 அமோலெட், ஏ20எஸ் எல்சிடி. ஏ22 வாங்கியவர்களில் 4ஜி வைத்திருப்பவரிடம் அமோலெட், 5ஜி வைத்திருப்பவரிடம் எல்சிடி. ரெட்மி நோட் 10 அமோலெட், நோட் 10 5ஜி எல்சிடி. இங்கே அதிகம் புழங்கும் சம்சுங் ஏ10, ஏ12, ஏ13, ஏ14, ஏ05, ஏ06 எல்லாம் எல்சிடி. ஏ30, ஏ31, ஏ32 4ஜி, ஏ50, ஏ51, ஏ52, ஏ53, ஏ54, பிந்தி வந்த ஏ15, ஏ16 ஆகியவை அமோலெட். ஐபோனில் 8 வரையும், எக்ஸ்ஆர், 11, எஸ்இ மூன்று தலைமுறையும் எல்சிடி. எக்ஸ், எக்ஸ்எஸ், 11 ப்ரோ, 12 தொடக்கம் வந்த மற்றவை எல்லாம் ஓஎல்இடி. செட்டிங்ஸில் மொடல் இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், "இதுக்கு இதுதான் வரும்" என்ற பேச்சுக்கு மடங்க வேண்டியிருக்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இரவில் லைற்றை அணைத்துவிட்டு, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பிரகாசத்தை உச்சத்துக்கு ஏற்றுங்கள். திரை சாம்பல் நிறமாக மினுங்கினால் எல்சிடி, எங்கே திரை, எங்கே சுவர் என்று தெரியாமல் போனால் ஓஎல்இடி. பழைய போன் வாங்கும்போதும் இதைச் செய்யுங்கள். ஏ51ஐ ஒருவர் விற்கிறார், திரை இருட்டில் சாம்பலாக ஒளிர்கிறது என்றால் அதில் ஏற்கெனவே மலிவுத் திரை ஏறியிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அமோலெட் போனில் டிஎஃப்டி போட்டால்

கடைகளில் டிஎஃப்டி என்று சொல்லிக் கொடுப்பது தடித்த, மலிவான எல்சிடி. இன்செல் என்பதும் எல்சிடிதான், ஆனால் டச் படலம் தனியாக ஒட்டப்படாமல், படம் காட்டும் தட்டான பேனலுக்குள்ளேயே இருக்கும். அதனால் சற்று மெல்லியது, சற்றுப் பிரகாசமானது. இரண்டுமே அமோலெட் போனுக்குப் புறம்பானவை.

முதலில் போவது கைரேகை. ஏ50, ஏ51, ஏ32, ஏ52, ஏ53, ஏ54 போன்றவற்றில் கைரேகை வாங்கி திரைக்குக் கீழே இருக்கிறது. திரையே விரலுக்கு வெளிச்சம் அடிக்கும், விரலில் பட்டுத் திரும்பும் ஒளி புள்ளிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியால் கீழே இறங்கி உணரியை அடையும். எல்சிடியில் பின்வெளிச்ச அடுக்கு அந்த வழியை அடைத்துவிடுகிறது. எந்தச் செட்டிங்ஸும் எந்த அப்டேட்டும் இதை மாற்றாது. "ரெண்டு நாள் பாவிச்சா சரிவரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏ22, ஏ24, ஏ15 போல பக்கப் பொத்தானில் கைரேகை உள்ளவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

அடுத்தது தடிப்பு. பிரேமின் விளிம்புக்கு மேலே திரை எழும்பி நிற்கும். விரலை ஓரத்தில் ஓட்டினால் படியில் தட்டுவதுபோலத் தெரியும். போன் விழும்போது அடியைப் பிரேம் வாங்கவேண்டும், இங்கே கண்ணாடி விளிம்பே நேரடியாக நிலத்தில் படுகிறது. அந்தக் கண்ணாடியும் கொறில்லா என்ற உறுதியான வகை அல்ல. அதனால்தான் ஒருமுறை டிஎஃப்டி போட்ட போன் மூன்று மாதத்தில் திரும்பக் கடைக்கு வருகிறது. சில இடங்களில் திரையைப் பதிய வைப்பதற்காகப் பிரேமின் உள்விளிம்பை வெட்டி எடுக்கிறார்கள். அப்படி வெட்டிய பிரேமில் பின்பு நல்ல பேனல் போட நினைத்தால் ஒட்டுவதற்குப் பிடிமானம் இருக்காது, பிரேமுடன் சேர்ந்த பேனல்தான் வாங்கவேண்டிவரும்.

டார்க் மோட் போட்டுப் பற்றரி மிச்சம் பிடித்தவர்களுக்கு அந்த ஆதாயம் போய்விடும், கறுப்பிலும் பின்வெளிச்சம் எரிகிறதே. திரை அணைந்திருக்கும்போது நேரம் காட்டும் வசதியை டிஎஃப்டி போட்ட அன்றே நிறுத்திவிடுங்கள். அது இரவு முழுக்க முழுத் திரைக்கும் வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருக்கும். சில மொடல்களில் திரைக்குக் கீழே இருக்கும் வெளிச்ச உணரியும் மறைபடுவதால் ஓட்டோ பிரைட்னஸ் கண்டபடி ஏறி இறங்கும், கதைக்கும்போது திரை அணையாமல் காது பட்டு அழைப்பு வெட்டுப்படும்.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை வைகாசியில் நடுப்பகலில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு வழி பார்க்கிறவருக்குத் திரையின் பிரகாசம் பெரிய விஷயம். ஏ54இன் அமோலெட் வெளியில் 1000 நிற்ஸ் (பிரகாசத்தின் அளவு) வரை ஏறும். மென்பொருள் வெயிலை உணர்ந்து பேனலைக் கொஞ்ச நேரம் கூடுதலாக எரிய விடுவதால் வருவது அது. எல்சிடிக் கொப்பிக்கு அந்த ஏற்றம் கிடையாது, உச்சத்தில் வைத்தாலும் மங்கித் தெரியும். கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தால் சில இன்செல்கள் போனை ஒரு பக்கம் திருப்பியதும் முழுக்க இருண்டுவிடும்.

அப்படியென்றால் டிஎஃப்டி யாருக்கு? போனை இன்னும் ஆறு மாதம் இழுத்தடித்தால் போதும் என்பவருக்கு. வீட்டில் வயதானவர் வட்ஸ்அப் அழைப்புக்கு மட்டும் பாவிக்கிறார் என்றால் சரி. அல்லது போனுக்குள் இருக்கும் படங்களை எடுக்கவேண்டும், அவ்வளவுதான் என்றால் சரி. நாள் முழுக்கக் கையில் இருக்கும் போனுக்கு வேண்டாம்.

சம்சுங்குக்கு உள்ள தெரிவுகள்

திறமானது சேர்விஸ் பாக். சம்சுங் தன் சேவை நிலையங்களுக்கு அனுப்பும் பொதி இது. பெட்டியில் ஜிஎச்82 என்று தொடங்கும் பாக இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தை இணையத்தில் தேடினால் எந்த மொடலுக்கு, எந்த நிறப் பிரேமுக்கு என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பேனல் பிரேமிலேயே ஒட்டி வரும். இதன் பெரிய நன்மை பசை வேலை கடைக்காரரின் கையில் இல்லை என்பது. பேனல் நேராகவும் ஒரே மட்டமாகவும் தொழிற்சாலையில் பதிந்து வருகிறது.

ஆனால் வேலை கூடும். பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றி, மதர்போர்ட், கீழ்ச் சாஜிங் போர்ட், ஸ்பீக்கர், அதிர்வு மோட்டர், கமரா, கைரேகை வாங்கி எல்லாவற்றையும் புதிய பிரேமுக்கு மாற்ற வேண்டும். பற்றரியும் பழைய பிரேமில் பசையால் ஒட்டியிருக்கும். அதை இரும்புத் தகட்டால் நெம்பினால் வளைந்து உள்ளே ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். ஓரத்தால் ஐசோபுரோபைல் அல்ககோல் சில துளி விட்டு, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல எழுப்புவதுதான் முறை. அரை மணித்தியாலத்தில் தருகிறேன் என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சேர்விஸ் பாக் என்று சொல்லிப் பழைய பெட்டிக்குள் வேறு பேனல் வைத்து விற்பதும் உண்டு. பெட்டி உங்கள் முன்னால் உடைபட வேண்டும். பேனலின் முன்னும் பின்னும் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படலம் இருக்க வேண்டும். பின்பக்க ஸ்ரிக்கரில் உள்ள இலக்கம் பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது, உடைந்து பாகத்துக்குப் போன வேறொரு போனிலிருந்து கழற்றிய ஒறிஜினல் பேனல். விலைக்கு இது நல்ல தெரிவு, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். முழு வெள்ளைத் திரையும் முழுச் சாம்பல் திரையும் காட்டச் சொல்லுங்கள். நீண்டநாள் பாவித்த அமோலெட்டில் மேலே நேரம் காட்டும் பட்டையும் கீழே விசைப்பலகையும் நிழல்போலப் படிந்திருக்கும். சாம்பலில்தான் அது நன்றாகத் தெரியும். மெல்லிய பச்சைக்கோடு ஒன்று இருந்தாலும் வேண்டாம், கோடு ஒன்றாக நிற்பதில்லை.

மூன்றாவது ஓஎல்இடிக் கொப்பி. சம்சுங் மொடல்களுக்கு இதில் இரண்டு அளவு வருகிறது. ஒன்று ஒறிஜினல் அளவுக்கே உரியது, மற்றது சிறிது சிறியது. சிறியதைப் போட்டால் சுற்றிவரக் கறுப்புக் கரை தடித்துத் தெரியும், எழுத்தும் கொஞ்சம் சுருங்கும். விலையில் வித்தியாசம் இருப்பதால் எது என்று கேட்டே ஆகவேண்டும். கைரேகை வேலை செய்யுமா என்பதும் பேனலுக்குப் பேனல் மாறும், "ஓஎல்இடி என்றால் வேலை செய்யும்" என்று பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏ53இல் செக்கனுக்கு 120 முறை, ஏ52 4ஜியில் 90 முறை என்று இருந்த திரையின் புதுப்பிப்பு வேகம் கொப்பியில் பெரும்பாலும் 60 ஆகிவிடும். அதைப் பலர் கவனிப்பதே இல்லை, கவனிக்கிறவருக்கு மட்டும் கண்ணைக் குத்தும். இத்தனையும் இருந்தும், அமோலெட் போனுக்கு டிஎஃப்டியா ஓஎல்இடிக் கொப்பியா என்று வந்தால் தயங்காமல் ஓஎல்இடிக் கொப்பியைப் போடலாம். தடிப்பு பிரேமுக்குப் பொருந்துகிறது, கறுப்பு கறுப்பாக இருக்கிறது. டிஎஃப்டியால் வரும் பெரிய தொல்லைகள் அதோடு போய்விடும்.

எல்சிடியோடு பிறந்த ஏ12, ஏ14, ரெட்மி 9, ரெட்மி 12 போன்றவற்றுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். பேனலில் கீழ்க்கரை ஒறிஜினலைவிடத் தடித்திருக்கிறதா, பக்கவாட்டில் பார்க்கும்போது நிறம் மாறுகிறதா, டச் ஓரம்வரை போகிறதா என்று பாருங்கள். சரியென்றால் போடுங்கள். முடிந்தால் பிரேமோடு வரும் கொப்பி நல்லது.

ஐபோன்

யாழ்ப்பாணத்தில் ஐபோன் தொகை கூட. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருகிறவர்கள் பாவித்ததைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வரும்போதே சிலவற்றில் திரை மாற்றப்பட்டிருக்கும்.

எக்ஸ் முதல் வந்த ஓஎல்இடி ஐபோன்களுக்கு மலிவிலிருந்து விலை கூடும் ஒழுங்கில் இன்செல், ஹார்ட் ஓஎல்இடி, சொஃப்ட் ஓஎல்இடி, கண்ணாடி மட்டும் மாற்றிய ஒறிஜினல், கழற்றிய ஒறிஜினல் என்று கிடைக்கும். ஹார்ட் என்பதில் ஒளிரும் படலம் கண்ணாடித் தட்டின்மேல் கட்டப்பட்டிருக்கும், சொஃப்ட் என்பதில் வளையக்கூடிய பிளாஸ்டிக் படலத்தின்மேல். அப்பிள் போடுவது வளையக்கூடியது. ஹார்ட் பேனல் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் விழும்போது வெளிக்கண்ணாடி தப்பினாலும் உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடி வெடித்துத் திரை முழுக்கக் கறுத்துப்போகும். பொக்கற்றில் வைத்துக் குந்தினாலே போதும் சிலதுக்கு. ஹார்ட்டுக்கும் சொஃப்ட்டுக்கும் விலை வித்தியாசம் தாங்கக்கூடியதென்றால் சொஃப்ட் போடுங்கள். கழற்றிய ஒறிஜினல் தழும்பில்லாமல் கிடைத்தால் சொஃப்ட்டையும் விட அதுவே மேல்.

இன்செல்லில் எச்டி, முழு எச்டி என்று இரண்டு ரகம் உண்டு. ஐபோன் எக்ஸின் சொந்தத் திரை 1125க்கு 2436 புள்ளிகள், அங்குலத்துக்கு 458. எச்டி இன்செல்லில் தமிழ் எழுத்தின் சுழிகள் சிறிய அளவில் பிசிறடிக்கும், பத்திரிகைச் செய்தி வாசிக்கிறவருக்கு உடனே தெரியும். எக்ஸ்ஆர், 11 இரண்டும் எல்சிடி என்பதால் அவற்றுக்கு நல்ல எல்சிடிக் கொப்பி போட்டாலே மனநிறைவாகப் பாவிக்கலாம்.

ஐபோனில் பேனலின் தரத்துக்கு மேலே வேறு சிக்கல்களும் இருக்கின்றன. ட்ரூ டோன் என்ற நிறச் சமன் வசதிக்கான தரவு பழைய டிஸ்பிளேயின் சிப்பில் இருக்கிறது. புரோகிராமர் என்ற சிறு கருவியால் பழையதிலிருந்து வாசித்துப் புதியதில் எழுதினால்தான் பெரும்பாலும் அந்த வசதி திரும்ப வரும். பழைய டிஸ்பிளேயின் ஃபிளெக்ஸ் என்ற மெல்லிய இணைப்புப் பட்டி கிழிந்து தரவை வாசிக்க முடியாமல் போனால் அதோடு சரி. ஆகவே வேலை தொடங்க முதலே "ட்ரூ டோன் எடுத்து வைப்பியளோ?" என்று கேளுங்கள். பழையதைக் குப்பையில் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

ஐபோன் 11 முதல், வேறு டிஸ்பிளே போட்டால் அது அப்பிளின் ஒறிஜினல் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்ற அறிவித்தல் வரும். சில நாள் திரையில் நின்றுவிட்டுப் பிறகு செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பக்கத்தில் மட்டும் இருக்கும். பாவனைக்கு இடைஞ்சல் இல்லை, விற்கும்போது விலை குறையும். பழைய பேனலிலிருந்த சிறு சிப்பைப் புதியதில் பற்றவைத்து இந்த அறிவித்தலை வராமல் செய்கிறார்கள். அதனால் அபவுட் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒறிஜினல் என்று முடிவெடுக்க முடியாது, இருட்டில் கறுப்புப் படச் சோதனையையும் செய்யுங்கள். ஐபோன் 13 வெளிவந்த 2021இல் திரை மாற்றினால், முகத்தைப் பார்த்துப் பூட்டுத் திறக்கும் ஃபேஸ் ஐடியே நின்றுபோனது. அந்த வருட டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 அதைச் சரிசெய்துவிட்டது. இன்றும் "13க்குத் திரை மாத்தினா ஃபேஸ் ஐடி போயிடும்" என்று சொல்கிறவர்கள் அந்த நாள் நிலையைச் சொல்கிறார்கள்.

எக்ஸ் முதல் 12 தொடர் வரை வேறொரு இடத்தில்தான் ஃபேஸ் ஐடி போகிறது. காதுச் ஸ்பீக்கரோடு சேர்ந்த மெல்லிய ஃபிளெக்ஸ் பழைய டிஸ்பிளேயில் ஒட்டியிருக்கும், முகத்துக்கு ஒளி பாய்ச்சும் பாகம் அதில்தான் இருக்கிறது. அதை உரித்துப் புதிய டிஸ்பிளேக்கு மாற்றும்போது கிழிந்தாலோ, சூடு கூடினாலோ, ஈரம் புகுந்தாலோ ஃபேஸ் ஐடி நின்றுவிடும். வேறு போனின் ஃபிளெக்ஸை எடுத்துப் போட்டு மீட்க முடியாது, அது அந்தப் போனின் மதர்போர்ட்டோடு பிணைக்கப்பட்டது. ஹோம் பொத்தான் உள்ள 5எஸ் முதல் 8 வரையிலான போன்களில் பொத்தானும் அப்படியே, பழைய பொத்தானைப் பத்திரமாகக் கழற்றிப் புதியதில் போட வேண்டும்.

கண்ணாடியை மட்டும் மாற்றுவது

வெளிக்கண்ணாடி வெடித்திருக்கிறது, படம் சுத்தமாக இருக்கிறது, டச் எல்லா இடமும் வேலை செய்கிறது என்றால் மாத்திரமே இதைப் பற்றி யோசிக்கலாம். கறுப்புப் புள்ளி ஒன்று, கோடு ஒன்று தெரிந்தாலும் பேனல் போய்விட்டது என்று அர்த்தம்.

செய்யும் முறை இது. டிஸ்பிளேயைச் சூடான தட்டில் 80 பாகை செல்சியஸ் அளவில் வைத்து, முடியைவிட மெல்லிய மொலிப்டினம் கம்பியைக் கண்ணாடிக்கும் பேனலுக்கும் இடையே விட்டு அறுத்துக் கண்ணாடியைப் பிரிப்பார்கள். மிச்சப் பசையை உருட்டி எடுத்துவிட்டு, ஓசிஏ என்ற ஒளி ஊடுருவும் ஒட்டுப்படலத்தை வைத்து, புதிய கண்ணாடியை வெற்றிடத்தில் அமுக்கி ஒட்டுவார்கள். கடைசியாக அழுத்த அறைக்குள் வைத்துக் காற்றுக் குமிழ்களைப் போக்குவார்கள். கருவிகள் முழுக்க இருக்கும் கடையில், தட்டையான திரைக்கு இது நல்ல வேலை. உங்கள் ஒறிஜினல் பேனலே உங்களிடம் இருக்கும், நிறமும் பிரகாசமும் கைரேகையும் மாறாது.

பிழைக்கும் இடங்களும் அங்கேதான். கம்பி சற்றுக் கீழே இறங்கினால் பேனல் அறுபடும். சூடு கூடினால் ஓரம் மஞ்சளாகும். ஓசிஏ ஒட்டும் அறையில் தூசி இருந்தால் அந்தத் தூசி போன் இருக்கும்வரை திரைக்குள் இருக்கும். கண்ணாடி பிரியும் நேரம் பேனல் வளைந்தால் அடுத்த நாளோ அடுத்த கிழமையோ பச்சைக்கோடு விழும். சம்சுங் எஸ் தொடர்களின் வளைந்த ஓரத்துக்குக் கண்ணாடி மட்டும் மாற்றுவது பெரும்பாலும் சூதாட்டம். கொடுப்பதற்கு முன் "பேனல் போனா ஆர் பொறுப்பு?" என்பதைப் பேசி முடித்துவிடுங்கள். இயந்திரம் இல்லாமல் மேலே பசை ஊற்றி ஊதா வெளிச்சத்தில் காயவைக்கிற இடங்களும் உண்டு, ஓரத்தால் பசை உள்ளே இறங்கி ஸ்பீக்கரையும் பின்வெளிச்சத்தையும் கெடுக்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம். எல்சிடிப் போன்களுக்கு முழு டிஸ்பிளேயே மலிவு, கண்ணாடி மாற்றி மினக்கெடுவதில் அர்த்தமில்லை.

ஓஎல்இடியில் மூலை வெடித்திருந்தால் ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். வெடிப்பால் ஈரக்காற்று உள்ளே போனால் ஒளிரும் படலம் கெடும், மை ஊறியதுபோலக் கறுப்பு நாளுக்கு நாள் பரவும். காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை போலக் கடற்காற்றில் இருப்பவர்கள் அன்றைக்கே வெடிப்பின்மேல் செலோரேப் ஒட்டிவிட்டு, படங்களையும் தொடர்புகளையும் பிரதி எடுத்துவிடுங்கள். படம் தெரிகிறது, டச் மட்டும் செத்துவிட்டது என்றால் அன்ட்ரொயிட் போனில் ஓடீஜி என்ற யூஎஸ்பி இணைப்புக் கேபிளால் கணினி மௌஸைச் செருகலாம், அம்புக்குறி திரையில் வரும், அதை வைத்தே பூட்டுத் திறந்து எல்லாவற்றையும் எடுக்கலாம்.

ஒட்டுவதற்கு முதல்

பசை போட முதல் சோதிக்காத டிஸ்பிளேயைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், எடுக்கவும் முடியாது. அதனால் வெறுமனே செருகி எரிய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். செருகும்போதும் கழற்றும்போதும் பற்றரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும். மின் இருக்கும்போது டிஸ்பிளேயைச் செருகினால் பின்வெளிச்சப் பாதையிலுள்ள ஃபியூஸ் எரிந்து, படம் மங்கலாக இருக்கும், வெளிச்சம் இராது. புதிய டிஸ்பிளே பழுது என்று நினைத்து இன்னொன்றைச் செருகுவார்கள், அதுவும் எரியாது. பிழை மதர்போர்ட்டில் இருக்கும்.

சம்சுங்கில் அழைப்புப் பலகையில் *#0*# அடித்தால் சோதனைப் பக்கம் வரும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, டச் பகுதியில் எல்லாக் கட்டங்களும் நிறம் மாறும்வரை விரலை ஓட்டுங்கள். ரெட்மியில் *#*#6484#*#*. ஐபோனில் இப்படி இல்லை, ஒரு செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுக்க மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள், எங்காவது கைவிட்டால் அந்த இடம் செத்த இடம். தமிழ் விசைப்பலகையில் விசைகள் ஆங்கிலத்தைவிட நெருக்கம், இரண்டு ஓரத்து விசைகளையும் தட்டிப் பாருங்கள், கொப்பிகளின் ஓரக் குறை அங்கேதான் முதலில் பிடிபடும்.

சாஜரைச் செருகிய நிலையிலும் டச்சைப் பார்க்க வேண்டும். மலிவுச் சாஜரின் மின் இரைச்சல் ஒறிஜினல் பேனலை அவ்வளவாகப் பாதிக்காது, கொப்பியில் விரல் வைக்காமலே தானாகத் தட்டுப்படும். நல்ல சாஜரில் அது நின்றால் டிஸ்பிளே சரி, சாஜரை மாற்றுங்கள். நல்ல சாஜரிலும் நிற்கவில்லை என்றால் டிஸ்பிளேயை மாற்றச் சொல்லுங்கள். ஒரு அழைப்பு எடுத்து மேல்பகுதியைக் கையால் மறைத்துத் திரை அணைகிறதா என்றும் பாருங்கள்.

பிரேமில் பழைய பசையும் கண்ணாடித் தூளும் முழுக்கப் போக வேண்டும். கடுகளவு கண்ணாடித் துண்டு மிஞ்சினாலும் அந்த இடத்தில் பேனல் அழுத்தப்பட்டு, எல்சிடியில் வெள்ளைத் தழும்பாகவும் ஓஎல்இடியில் சில நாளில் வெடிப்பாகவும் தெரியும். பிரேம் வளைந்திருந்தால் புதிய டிஸ்பிளே போடுவது வீண், தட்டையான மேசையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆணிகளை எடுத்த இடத்திலேயே திரும்பப் பூட்ட வேண்டும். ஐபோன் 6இன் டிஸ்பிளே மூடித்தகட்டிலேயே 1.2, 1.7, 3.1 மில்லிமீற்றர் என்று மூன்று நீளம் இருக்கிறது. நீளமானதைக் குட்டையின் இடத்தில் முறுக்கினால் மதர்போர்ட்டுக்குள் இருக்கும் மின்பாதை அறுபடும்.

பீ-7000 பசையைக் கோடாக மெல்லிதாக இட்டு, இரண்டு மூன்று நிமிடம் காற்றில் விட்டு, பிறகு பேனலை வைத்து இறப்பர் பட்டியோ கிளிப்போ போட வேண்டும். கூட இட்டால் காதுச் ஸ்பீக்கர் துவாரத்துக்குள் போய்க் குரல் குறையும். கிளிப் இறுகினால் எல்சிடியில் வெளிச்சத் திட்டு விழும். முழுப் பிடிப்புக்கு 24 முதல் 48 மணித்தியாலம் தேவை. அதுவரை ரெம்பேட் கண்ணாடி ஒட்ட வேண்டாம், காரின் டாஷ்போர்டில் வெயிலில் வைக்க வேண்டாம். ஐபோனிலும் ஏ52, ஏ53, ஏ54இலும் இருந்த நீர்த்தடுப்புத் திறந்த அன்றே போய்விட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள், புதிய சீல் போட்டிருந்தாலும். கைரேகையைப் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள், பேனல் மாறிய பிறகு பழைய பதிவு அடிக்கடி மறுக்கும்.

பில்லில் "டிஸ்பிளே" என்று மட்டும் எழுதினால் போதாது. மொடல், எந்த வகைப் பேனல், பிரேமோடா இல்லையா, எத்தனை நாள் உத்தரவாதம், அது டச்சுக்கு மட்டுமா, கோடு விழுந்தாலுமா என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது, முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. உடைந்த பேனலையும் விட்டுவிட்டு வராதீர்கள். கண்ணாடி மட்டும் வெடித்து, படம் தெரியும் ஓஎல்இடிப் பேனலுக்குச் சந்தையில் விலை உண்டு, அதைக் கண்ணாடி மாற்றி விற்பார்கள். ஒன்றில் திரும்பக் கேளுங்கள், இல்லையேல் அதன் பெறுமதியைக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.

விலை கூடிய பேனல்களை இங்கே கடையில் வைத்திருப்பது குறைவு, கொழும்பிலிருந்து பார்சலில் வரும். முற்பணம் கொடுக்கும்போதே, வந்த பொருள் சொன்ன வகை இல்லையென்றால் காசு திரும்ப வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஆரும் வருவதாக இருந்தால் சொக்லேற்றுக்குப் பதிலாகச் சேர்விஸ் பாக் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம், ஐரோப்பாவில் பாகக் கடைகளில் பாக இலக்கம் கொடுத்தே வாங்க முடியும். மொடல் இலக்கத்தின் கடைசி எழுத்துவரை எழுதி அனுப்புங்கள், ஒரே பெயரில் 4ஜிக்கும் 5ஜிக்கும் பேனல் வேறு. எஸ் தொடர்ச் சேர்விஸ் பாக் சிலதில் பற்றரியும் பூட்டியே வரும். அப்படியானதைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், போனுக்குள் இல்லாத லிதியம் பற்றரியை விமானத்தின் சரக்குப் பெட்டிக்குள் விடமாட்டார்கள்.